யூடியூபில் இருந்து தியேட்டர் வரை: ரசிகர்கள் துணையோடு சொந்தப் படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2026 ஜனவரி 30 அன்று அமெரிக்காவில் ‘அயர்ன் லங்’ என்ற திகில் படம் வெளியானது. எழுதி, இயக்கி, நடித்து, எடிட் செய்து, சொந்தப் பணத்தையும் போட்டவர் மார்க் ஃபிஷ்பாக். ‘மார்க்கிப்ளையர்’ சேனல்காரர் என்று சொன்னால் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரியும். செலவு சுமார் 30 லட்சம் டாலர். பின்னால் பெரிய ஸ்டுடியோ எதுவும் இல்லை. முதலில் சில டஜன் தியேட்டர்களில் மட்டும் போடுவதாகத்தான் திட்டம். ரசிகர்கள் ஆளாளுக்குத் தங்கள் ஊர்த் தியேட்டரைக் கூப்பிட்டு, இந்தப் படத்தை எப்போது போடுகிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெளியாகும்போது அமெரிக்கா, கனடாவில் மட்டும் சுமார் 3,000 தியேட்டர்கள். முதல் வார இறுதியில் அங்கே 1.7 கோடி டாலருக்கு மேல் வசூல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ரசிகர்கள் படம் எடுக்கக் காசு கொடுக்கவில்லை. தியேட்டருக்குப் போன் போட்டார்கள், டிக்கெட் வாங்கினார்கள், அவ்வளவுதான். ‘ரசிகர் ஆதரவு’ என்றதும் நம் ஆட்களுக்கு ஜிபே நம்பர்தான் முதலில் ஞாபகம் வருகிறது. ரசிகரிடம் இருப்பதில் மிகச் சிறியது அவருடைய பணம். அவருடைய ஊர், அவருடைய சனிக்கிழமை மாலை, அவர் கூட்டி வரும் நான்கு பேர், அவருடைய பொறுமை இவைதான் பெரிய முதல். இந்த வழிகாட்டி முழுக்க அதை மனதில் வைத்தே எழுதியது.

நம் நாட்டுக்கும் இது புதிதில்லை. 1976இல் ஷியாம் பெனகல் எடுத்த ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத் பால் கூட்டுறவுச் சங்க விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். பத்து லட்சத்தில் படம் முடிந்தது. படம் வந்தபோது அதே விவசாயிகள் லாரி லாரியாகப் பார்க்க வந்தார்கள். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ‘ஒடேஸா’ என்ற குழுவைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகச் சாப்ளின் படத்தைத் திரையிட்டு, துண்டேந்தி வசூல் செய்து, 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தார். யூடியூப் பிறக்கும் முன்பே இவர்கள் இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

நான் ரசிகர்கள் பணம் போட்ட இரண்டு சின்னப் படங்களில் தயாரிப்பு நிர்வாகியாக வேலை பார்த்தவன். கீழே உள்ளதில் பாதி படித்தது, பாதி பட்டது.

படி 1: சந்தாதாரரை விடுங்கள், ஆளை எண்ணுங்கள்

சேனலில் 4 லட்சம் பேர் இருக்கலாம். அதில் எத்தனை பேர் மதுரையில், எத்தனை பேர் கோலாலம்பூரில், எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பில் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் பட்ஜெட் போடாதீர்கள்.

முதல் வேலை ஒரு படிவம். நாலே கேள்விகள் போதும்: பெயர், எந்த ஊர் (மாவட்டம் இல்லை, ஊர்), வாட்ஸ்அப் எண், பக்கத்தில் எந்தத் தியேட்டரில் வழக்கமாகப் படம் பார்ப்பீர்கள். நான்காவது கேள்விதான் தங்கம். பின்னால் தியேட்டர்காரரிடம் உட்காரும்போது அந்தப் பட்டியல்தான் உங்களுக்காகப் பேசும். எண்களை வாங்கும்போதே எதற்கு வாங்குகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அடுத்து, காசு கொடுத்து வருவார்களா என்று சோதியுங்கள். ஏற்கெனவே எடுத்த குறும்படத்தையோ ஒரு நேரடி நிகழ்ச்சியையோ ஒரு சின்ன அரங்கத்தில் 100 ரூபாய் டிக்கெட் வைத்து நடத்திப் பாருங்கள். இலவசமாகப் பார்க்கும் வீடியோவுக்கு ‘அண்ணா வேற லெவல்’ என்று கமென்ட் போடுவதும், பஸ் ஏறி வந்து 100 ரூபாய் கொடுப்பதும் ஒன்றில்லை. ‘கட்டாயம் வருவேன்’ என்று சொன்னவர்களில் ஐந்தில் ஒருவர் வருவார் என்று வைத்துத் திட்டமிடுங்கள். கூட வந்தால் சந்தோஷம்.

படி 2: கையில் உள்ளதுக்கு ஏற்ற கதை

‘அயர்ன் லங்’ கிட்டத்தட்ட முழுக்க ஒரு நீர்மூழ்கிக்குள் நடக்கிற கதை. ஒரே செட், திரையில் பெரும்பாலும் ஒரே ஆள். பணம் போன இடமெல்லாம் திரையில் தெரிந்தது. கறி பார்க்கர் என்ற அமெரிக்க யூடியூபர் 800 டாலரில் ‘மில்க் அண்ட் சீரியல்’ என்ற திகில் படம் எடுத்து 2024இல் யூடியூபிலேயே இலவசமாகப் போட்டார். குறும்பு வீடியோ எடுக்கும் பசங்களைப் பற்றிய கதை என்பதால் கேமரா ஆடுவதும் வெளிச்சம் குறைவதும் கதைக்குள்ளேயே பொருந்திவிட்டன. அடுத்த படத்துக்கு அவரைத் தேடிப் பெரிய நிறுவனம் வந்தது.

அதற்காகக் குறைந்த செலவு என்றாலே ஒரு வீடு, நான்கு பேர், ஒரு பேய் என்று போய்விடாதீர்கள். உங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது எது, மற்றவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காதது எது என்று யோசியுங்கள். மாமா வைத்திருக்கும் தீப்பெட்டி ஆபீஸ், நண்பனின் அப்பா ஓட்டும் மினி பஸ், ஊர்த் திருவிழா, நீங்கள் மூன்று வருஷமாக வீடியோ எடுத்துப் பழகிய மீன் மார்க்கெட். அங்கே உள்ளவர்களுக்கு உங்களைத் தெரியும், கேமராவைப் பார்த்து முறைக்க மாட்டார்கள். ஸ்டுடியோக்காரர் லட்சக்கணக்கில் கொடுத்தாலும் அந்த முகங்களை வாங்க முடியாது.

இன்னொன்று. பத்து நிமிட வீடியோவில் சிரிக்க வைத்த பாத்திரத்தை அப்படியே இரண்டு மணி நேரத்துக்கு இழுக்கக் கூடாது. திரைக்கதையை எழுதி முடித்ததும் உங்கள் சேனலையே பார்க்காத மூன்று பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் போனை எடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

படி 3: பட்ஜெட்டைப் பின்னாலிருந்து போடுங்கள்

சின்னப் படங்கள் பெரும்பாலும் செத்துப்போவது படப்பிடிப்பில் இல்லை. படப்பிடிப்பு முடிந்து, ஹார்ட் டிஸ்க்கில் 4 டெராபைட் படம் கிடக்கும்போது, கையில் காசில்லாமல் செத்துப்போகின்றன. எடிட்டிங் டேபிளில் ஒரு வருஷம், டிஐ என்ற நிறத் திருத்த வேலைக்குக் காத்திருந்து ஆறு மாதம் என்று நாள் போகும். ஹீரோவுக்கு அதற்குள் தாடி வளர்ந்து, கல்யாணம் ஆகி, வேலைக்குப் போயிருப்பார்.

ஆகவே தலைகீழாகப் போடுங்கள். உங்களால் அதிகபட்சம் 30 லட்சம் திரட்ட முடியும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வெளியீட்டுக்கு 5 லட்சத்தைத் தூக்கித் தனியாக வையுங்கள். போஸ்டர், டிரெய்லர், டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் கட்டணம், ஊர் ஊராகப் போய் வரும் செலவு எல்லாம் அதில். அப்புறம் போஸ்ட் புரொடக்‌ஷனுக்கு 7 லட்சம்: எடிட்டிங், டப்பிங், ஃபோலி (காலடி, கதவு போன்ற சத்தங்கள்), பின்னணி இசை, மிக்சிங், டிஐ, டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி). சென்சார், டைட்டில் பதிவு, வக்கீல், ஆடிட்டர் என்று 2 லட்சம். எதிர்பாராத செலவுக்கு 2 லட்சம். மீதி 14 லட்சம்தான் படப்பிடிப்புக்கு. அந்த 14 லட்சத்தில் எத்தனை நாள் ஷூட்டிங் போக முடியுமோ, கதை அத்தனை நாளுக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் காட்சியை வெட்டுங்கள், வெளியீட்டுப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

படப்பிடிப்புச் செலவில் புதியவர்கள் மறப்பது சாப்பாடும் வண்டியும். 25 பேர் கொண்ட யூனிட்டுக்குக் காலை டிபன், இரண்டு டீ, மதியச் சாப்பாடு, மாலை டீயுடன் வடை, இரவு நீண்டால் இன்னொரு வேளை. இதை ஒரு நாளுக்குப் போட்டு, நாள் கணக்கால் பெருக்கிப் பாருங்கள், கேமரா வாடகையை நெருங்கும். நண்பர்கள் சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பார்கள். பசியோடு பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் விடக் கூடாது.

படி 4: பணம் கேட்பது

ரசிகரிடம் பணம் வாங்குவதில் மூன்று வகை உண்டு. மூன்றும் வேறு வேறு. குழப்பினால் சட்டச் சிக்கல்.

ஒன்று, பரிசுக்கு ஈடாக வாங்குவது. 500 ரூபாய் கொடுத்தால் டைட்டிலில் பெயர், 2,000 கொடுத்தால் முன்னோட்டக் காட்சிக்கு அழைப்பு, இப்படி. இரண்டு, முன்கூட்டியே விற்பது: படம் வந்ததும் பார்க்க இன்றே டிக்கெட் காசு. மூன்று, முதலீடு: ‘லாபத்தில் பங்கு தருகிறேன்’ என்று வாங்குவது.

மூன்றாவதைக் கேமரா முன் நின்று பொதுவில் அறிவிக்காதீர்கள். நிறுவனச் சட்டப்படி ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்குகளை வழங்க முன்வந்தால் அது பொது வெளியீடாகவே கருதப்படும். தனிப்பட்ட முறையில் பங்கு கொடுப்பதாக இருந்தாலும் விளம்பரம் செய்து கொடுக்க முடியாது. ‘ஒரு வருஷத்தில் போட்ட பணத்தைத் திருப்பித் தருகிறேன்’ என்று ஊரைக் கூட்டி வாங்கினாலோ, 2019இல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் குறுக்கே வரலாம். நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்பது அங்கே பதில் ஆகாது.

கன்னடத்தில் பவன் குமார் 2011 கடைசியில் வலைப்பூவில் ஒரு பதிவு எழுதினார். தயாரிப்பாளர்கள் கதவைத் திறக்கவில்லை, நீங்களே தயாரியுங்கள் என்று கேட்டார். 27 நாளில் 110 பேர் சேர்ந்து 51 லட்சம் ரூபாய் போட்டார்கள். ‘லூசியா’ 2013இல் வந்தது, லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது, தமிழில் ‘எனக்குள் ஒருவன்’ ஆனது. தயாரிப்பு நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயரே ‘ஆடியன்ஸ் ஃபிலிம்ஸ்’. 110 என்ற எண்ணைக் கவனியுங்கள். அந்த எண்ணிக்கை என்றால் ஒவ்வொருவரிடமும் நேரில் பேச முடியும், காகிதம் போட முடியும். முதலீடுதான் வேண்டும் என்றால் அப்படிச் சின்ன வட்டத்தில், வக்கீலை வைத்து ஒப்பந்தம் எழுதிச் செய்யுங்கள். மற்றபடி முதல் படத்துக்குப் பரிசு முறையே நல்லது.

சில நடைமுறைகள்:

- படத்துக்கென்று தனி நடப்புக் கணக்கு. உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். வீட்டு வாடகையும் படப் பணமும் ஒரே கணக்கில் இருந்தால் ஆறாவது மாதம் எது எது என்று உங்களுக்கே தெரியாது.
- பரிசுக்கு ஈடாக வரும் பணம் வருமானமாகக் கணக்கிடப்படும். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வரும். முதல் ரூபாய் வருவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.
- கிக்ஸ்டார்ட்டர் என்ற அமெரிக்கக் கூட்டு நிதித் தளத்தில் திட்டம் தொடங்க இந்திய முகவரி உதவாது. இங்கேயே உள்ள கூட்டு நிதித் தளங்களைப் பாருங்கள். சிங்கப்பூர், கனடா, இலங்கை ரசிகர்கள் பணம் அனுப்பக் கேட்டால், நன்கொடையாக வாங்காதீர்கள். எந்தப் பெயரில், எந்த வழியில் வாங்கலாம் என்று ஆடிட்டர் சொன்ன பிறகு வாங்குங்கள்.
- இலக்கு எட்டாவிட்டால் பணம் என்ன ஆகும் என்பதை முதல் வீடியோவிலேயே சொல்லுங்கள். திருப்பித் தருவீர்களா, சின்னப் படமாக எடுப்பீர்களா? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பிறகு மிகக் கசப்பாக இருக்கும்.

படி 5: கொடுக்க முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்

ஆயிரம் பேர் ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தால் 5 லட்சம். பதிலுக்கு டிஷர்ட் என்று சொல்லிவிட்டீர்கள். டிஷர்ட் 250, கூரியர் 80. கையில் நிற்பது 1 லட்சத்து 70 ஆயிரம். அளவு சரியில்லை என்று திரும்பி வருவதை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. முதல் படத்தில் நாங்கள் டிஷர்ட் சொல்லிவிட்டு, எடிட்டிங் நடக்க வேண்டிய அறையில் மூன்று வாரம் பார்சல் மடித்தோம்.

செலவில்லாததும் மனதுக்கு நெருக்கமானதுமான பரிசு டைட்டிலில் பெயர். ஆனால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரண்டாவது படத்தில் ஒருவர் 500 ரூபாய் போட்டுவிட்டுத் தன் பெயர் வேண்டாம், இறந்துபோன அப்பா பெயரைப் போடுங்கள் என்று கேட்டிருந்தார். அப்பா ஒரு டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தவராம். டிசிபி தயாரான பிறகு பட்டியலைச் சரிபார்த்தால், அந்தப் பெயரில் இனிஷியல் விட்டுப்போயிருந்தது, றகரம் ரகரமாகிவிட்டது. ‘நானூறு பெயரில் ஒன்றுதானே’ என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கடைசி ரீலைத் திரும்பச் செய்தோம். காசு செலவுதான். படம் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். படம் முடிந்து விளக்குப் போட்டு எல்லோரும் எழுந்த பிறகும் அந்த அம்மா திரையைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். பெயர் ஓடுவதற்கு ஏழு நிமிடம் ஆனது. தியேட்டர்காரர் கதவைத் திறக்க வந்தபோது நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

ஆகவே: பெயரை ரசிகரே தமிழில் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் வாங்கி நீங்கள் தமிழாக்கினால் ந, ன, ண எல்லாம் கலந்துவிடும். பட்டியல் தயாரானதும் ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் இருக்கும் வரியைப் படம் எடுத்து அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள்.

படி 6: காகிதம்

நண்பர்களுக்குள் என்ன ஒப்பந்தம் என்று கேட்காதீர்கள். நண்பர்களுக்குள்தான் கட்டாயம் வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அப்படி என்றால் உங்கள் கதாசிரிய நண்பரோடு போட்ட அரைப்பக்க ஒப்பந்தத்தில் இந்த இரண்டு வரி இல்லாவிட்டால், மலேசியாவில் படத்தைப் போட உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதே கேள்வியாகிவிடும். ஓடிடிக்காரர் முதலில் கேட்பதும் இந்தக் காகிதங்களைத்தான். கதை, வசனம், இசை, பாடல் வரி, ஒவ்வொரு நடிகர் என எல்லோரிடமும் வாங்கிவிடுங்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை 2012 திருத்தம் உறுதி செய்திருக்கிறது. அதை எழுதிப் பிடுங்க முடியாது, பிடுங்க நினைப்பதும் சரியில்லை.

பின்னணியில் டீக்கடை ரேடியோவில் பழைய பாட்டு ஓடினாலும் உரிமை வாங்க வேண்டும். யூடியூபில் பாட்டுப் போட்டுத் தப்பித்த பழக்கம் இங்கே ஆகாது.

குழந்தைகள் நடித்தால் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஆடு, மாடு, கோழி, நாய் எது திரையில் வந்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியை ஷூட்டிங்குக்கு முன்பே வாங்குங்கள். எடுத்த பிறகு போனால் சென்சாரில் அந்தக் காட்சி மாட்டிக்கொள்ளும். கிராமத்துக் கதை எடுத்துவிட்டு இதில் சிக்கியவர்கள் ஏராளம்.

படி 7: படப்பிடிப்பு

கேமராவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, தினமும் அதோடுதான் வாழ்கிறீர்கள். ஒலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போனில் ஹெட்போன் போட்டுக் கேட்கும் ரசிகர் மன்னிக்கிற ஒலியைத் தியேட்டர் மன்னிக்காது. லைவ் சவுண்ட் என்றால் நல்ல ஒலிப்பதிவாளருக்குப் பணம் ஒதுக்குங்கள். டப்பிங் என்றாலும் இடத்திலேயே வழிகாட்டி ஒலியைச் சுத்தமாகப் பிடியுங்கள். ஒவ்வொரு லொகேஷனிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டர் உங்களைக் கும்பிடுவார்.

கூட்டக் காட்சிக்கு ரசிகர்களைக் கூப்பிடலாம். சந்தோஷமாக வருவார்கள். வந்தவர்களுக்கு நிழல், தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு, எத்தனை மணிக்கு விடுவோம் என்ற உறுதி, இந்த ஐந்தும் வேண்டும். பெண்கள் வருகிறார்கள் என்றால் அவர்களைக் கவனிக்கப் பொறுப்பான ஒரு பெண் யூனிட்டில் இருக்க வேண்டும்.

எடுத்த காட்சிகள் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். இதற்கு விளக்கம் தேவையில்லை.

படி 8: காத்திருக்கும் மாதங்கள்

கிரிஸ் ஸ்டக்மன் என்ற யூடியூப் விமர்சகர் 2022இல் ‘ஷெல்பி ஓக்ஸ்’ படத்துக்குக் கிக்ஸ்டார்ட்டரில் 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். படம் தியேட்டருக்கு வந்தது 2025 அக்டோபரில். மூன்றரை ஆண்டு. பணம் கொடுத்தவர் அவ்வளவு நாள் காத்திருப்பார், என்ன நடக்கிறது என்று தெரிந்தால். தெரியாவிட்டால் மூன்றாவது மாதமே ‘ஏமாத்திட்டானுங்க’ என்ற பேச்சு கிளம்பும்.

மாதம் ஒரு கடிதம் எழுதுங்கள். வீடியோ வேண்டாம், எழுத்தே போதும். இந்த மாதம் என்ன முடிந்தது, எவ்வளவு செலவானது, எது தாமதம், ஏன். ஒன்றும் நடக்காத மாதத்தில் ‘இந்த மாதம் ஒன்றும் நடக்கவில்லை, மிக்சிங் ஸ்டுடியோவில் தேதி கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்குத்தான் எங்களுக்கு அதிகப் பதில் வந்தது.

மிக்சிங் முடிந்ததும் படத்தை ஒரு சாதாரண ஊர்த் தியேட்டரில் காலை வேளையில் போட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் வெளியிடவே கூடாது என்பேன். நாங்கள் காலைக் காட்சிக்கு முன்னால், எட்டு மணிக்கு, ஒரு ஒற்றைத் திரைத் தியேட்டரில் போட்டோம். ஸ்டுடியோவில் துல்லியமாகக் கேட்ட வசனம், மோட்டார் ஓடும் காட்சியில் சுத்தமாகக் காணோம். மேலே ஓடினேன். ஆபரேட்டர் அண்ணன் நிதானமாகச் சொன்னார்: “தம்பி, நீங்க ஏழுல வெச்சு மிக்ஸ் பண்ணிருப்பீங்க. இங்க நாலரைக்கு மேல வைக்க மாட்டோம். எந்தப் படமா இருந்தாலும் நாலரைதான்.” மிக்சிங் அறையில் ஒலி அளவின் நியமம் ஏழு. ஊர்த் தியேட்டர்கள் பல அதைவிடக் குறைத்துத்தான் ஓட்டுகின்றன. திரும்பிப் போய் வசனத்தை மட்டும் தூக்கி, இசையை இறக்கி, மூன்று ரீல் மறுபடி மிக்ஸ் செய்தோம். அந்த அண்ணனுக்கு டைட்டிலில் நன்றி போட்டோம்.

படி 9: சென்சார்

யூடியூபிலோ ஓடிடியிலோ மட்டும் போடுவதாக இருந்தால் சென்சார் சான்றிதழ் தேவையில்லை. தியேட்டருக்கு என்றால் கட்டாயம். விண்ணப்பம் ஆன்லைனில், இ-சினிபிரமாண் தளத்தில். படத்தைப் பார்ப்பது சென்னை மண்டல அலுவலகம். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சான்றிதழ் காலாவதி ஆகாது.

டைட்டிலை முன்பே பதிவு செய்துவிடுங்கள். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை, தயாரிப்பாளர் சங்கம், கில்டு ஆகிய அமைப்புகளில் ஒன்றில் செய்யலாம். போஸ்டர் அடித்த பிறகு அந்தப் பெயர் வேறொருவரிடம் இருப்பது தெரிய வந்தால் எல்லாம் வீண். புகைக் காட்சிகள் இருந்தால் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்னும் எச்சரிக்கைப் படம், புகை, மது வரும் காட்சியில் வாசகம், எல்லாம் சேர்த்துதான் இறுதிப் பிரதி. வெளியீட்டுத் தேதிக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு மாதம் விடுங்கள். சான்றிதழ் கைக்கு வராமல் தேதி அறிவிப்பது, ரசிகரை வைத்துச் சூதாடுவது.

படி 10: தியேட்டர்

இப்போது படி 1இல் எடுத்த பட்டியலைத் திறங்கள். ஊர்வாரியாகப் பிரியுங்கள். கோயம்புத்தூரில் 900 பேர், திருநெல்வேலியில் 340, தர்மபுரியில் 60 என்று வருகிறது என்று வைப்போம். தர்மபுரியில் படம் போட வேண்டாம். அந்த 60 பேரைச் சேலத்துக்குக் கூப்பிடுங்கள்.

நூறு தியேட்டரில் ஒரே நாளில் போடும் ஆசையைக் கைவிடுங்கள். நூறு இடத்தில் இடத்துக்குப் பத்துப் பேர் உட்கார்ந்தால் திங்கட்கிழமை எல்லா இடத்திலும் படத்தைத் தூக்கிவிடுவார்கள். எட்டு இடத்தில் அரங்கம் நிறைந்தால் ஒன்பதாவது தியேட்டர்காரர் தானாகக் கூப்பிடுவார். ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீவர்ஸ்’ என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம், சுமார் 1.5 லட்சம் டாலர் செலவு. இயக்குநர் மைக் செஸ்லிக்கும் நண்பர்களும் 2024இல் பீவர் என்ற விலங்கின் வேஷம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் திரையிட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு திருவிழா மாதிரி நடந்தது, அந்தப் பேச்சே அடுத்த ஊருக்குக் கூட்டம் சேர்த்தது. நமக்கு இது பழகிய வழி. நாடகக் குழுவும் கூத்துக் குழுவும் ஊர் ஊராகப் போனது இப்படித்தான்.

தியேட்டர்காரரிடம் பேசும்போது உங்கள் வியூஸைச் சொல்லாதீர்கள். பட்டியலைக் காட்டுங்கள். “உங்க தியேட்டர்ல வழக்கமா படம் பார்க்கறதா எழுதின 280 பேர் இருக்காங்க. சனிக்கிழமை சாயங்காலக் காட்சி ஒண்ணு கொடுங்க” என்று கேளுங்கள். ரசிகர்களையும் தியேட்டரில் விசாரிக்கச் சொல்லுங்கள், ஒரு முறை, மரியாதையாக. ஒரே ஆள் பத்து முறை கூப்பிட்டுத் தொந்தரவு செய்தால் வந்த காட்சியும் போய்விடும்.

பணக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். டிக்கெட் 130 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி போக 110. உள்ளாட்சிக் கேளிக்கை வரி போனால் இன்னும் குறையும். மீதியில் பாதிக்குப் பாதி ஷேரிங் என்றால் உங்களுக்கு ஒரு டிக்கெட்டுக்கு ஏறக்குறைய 50 ரூபாய். 200 பேர் வந்தால் 10,000. அதில் டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் கட்டணமும் போக வேண்டும். ஷேரிங் சதவீதம் ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும், பேசி எழுதி வாங்குங்கள். சிலர் மொத்த அரங்கத்தையும் வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். நிச்சயம் நிறையும் ஓர் ஊரில், ஒரு காட்சிக்கு மட்டும் அதைச் செய்யலாம்.

டிசிபி பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி எந்தத் தியேட்டர், எந்தத் திரை, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று குறிப்பாக வரும். இரண்டாம் திரைக்கு வந்த சாவியை வைத்து முதல் திரையில் ஓட்ட முடியாது. வெளியே 150 பேர் நிற்க, நாங்கள் இதற்காக நாற்பது நிமிடம் தவித்தோம். முதல் நாள் இரவே ஒவ்வொரு தியேட்டரிலும் சாவி ஏறிவிட்டதா, முதல் ஐந்து நிமிடம் ஓடுகிறதா என்று ஊருக்கு ஒரு ரசிகரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொறுப்பு கொடுத்தால் அவர்கள் செய்வது போல நாமே செய்ய மாட்டோம்.

படி 11: படம் போன பிறகு

தியேட்டர் முடிந்ததும் ஓடிடிக்காகக் காத்திருக்கலாம், ஆனால் காலம் குறித்துக்கொண்டு காத்திருங்கள். மூன்று மாதத்தில் விலை படியாவிட்டால் சொந்தச் சேனலிலேயே வாடகைக்குப் போடுங்கள். வெளிநாட்டு ரசிகர்கள் இந்த நாளுக்காகத்தான் காத்திருப்பார்கள். பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு நாள் முன்னதாக இணைப்பை அனுப்புங்கள்.

அப்புறம் கணக்கு. வசூல் நின்று ஒரு மாதத்துக்குள் ஒரே பக்கத்தில் எழுதி அத்தனை பேருக்கும் அனுப்புங்கள். ரசிகர்களிடமிருந்து வந்தது, நீங்கள் போட்டது, படப்பிடிப்பு, போஸ்ட் புரொடக்‌ஷன், வெளியீடு, ஊர்வாரியாக வந்த டிக்கெட் எண்ணிக்கை, தியேட்டர் ஷேர், இன்னும் வர வேண்டிய பாக்கி. நஷ்டம் என்றால் நஷ்டத் தொகையை அப்படியே போடுங்கள். சம்பளம் பாக்கி வைத்தவர்களின் பெயர் வேண்டாம், தொகையும் என்றைக்குள் கொடுப்பீர்கள் என்பதும் வேண்டும். கடைசி வரியில் கையில் மீதி எவ்வளவு, அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வையுங்கள்.